பேனாவில் நிரப்பும் குறுக்கெழுத்து

ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. எங்கள் வாசகர் வட்டம் மாதம் ஒருமுறை அச்சடிக்கும் நாலு பக்கத் தாளில் கடைசிப் பக்கக் குறுக்கெழுத்து என் பொறுப்பு. "நானும் ஒண்ணு போட்டுப் பாக்கலாம்னு இருக்கனுங்க, எப்படிங்க போடறது?" என்று யாராவது கேட்டால் முதலில் ஒன்று சொல்வேன். கஷ்டமாக இருக்கிறது என்று யாரும் புதிரைத் தூக்கிப் போடுவதில்லை. விடை கிடைத்த பிறகும் 'இதுதானா, வேறயா?' என்று உறுத்திக்கொண்டே இருந்தால்தான் எரிச்சல் வருகிறது. எங்கள் சின்னம்மா எந்தப் புதிரையும் பென்சிலில்தான் தொடங்குவார். நம்பிக்கை வந்ததும் பேனாவுக்கு மாறுவார். அவரைச் சீக்கிரம் பேனாவுக்கு மாற்றுவது எப்படி என்பதைத்தான் கீழே எழுதுகிறேன்.

கட்டம் போட்ட நோட்டு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் 9க்கு 9 போதும். கம்ப்யூட்டரில் ஆங்கிலப் புதிருக்காகச் செய்த மென்பொருளை நம்ப வேண்டாம். யூனிகோடில் 'நொ' என்பது 'ந'வும் அதற்கான குறியுமாக, 'ய்' என்பது 'ய'வும் புள்ளியுமாகத் தனித்தனியாக இருக்கிறது. அதனால் 'நொய்யல்' என்று அடித்தால் சில மென்பொருள் அதை ஏழு துண்டாக்கி ஏழு கட்டம் கேட்கும். நமக்கு அது நொ, ய், ய, ல் என்று நாலே எழுத்து.

ஆங்கிலத்தில் 26 எழுத்தை வைத்துக் கட்டங்களை நெருக்கமாக அடுக்கிவிடலாம். நமக்கு 247, போதாததற்கு ஜ, ஷ, ஸ, ஹ. எல்லாக் கட்டமும் குறுக்கும் நெடுக்கும் பொருந்தியே ஆக வேண்டும் என்று அடம்பிடித்தால் விடிய விடிய உட்கார வேண்டியதுதான். ஆனால் நிரப்புகிறவருக்கு இதில் ஒரு லாபம் உண்டு. தமிழில் ஒரே எழுத்து பாதி விடையைச் சொல்லிவிடும். குறிப்பு ஆற்றைக் கேட்டு, முதல் கட்டத்தில் 'நொ' விழுந்திருந்தால் அப்புறம் யோசிக்க என்ன இருக்கிறது? ஆகவே சந்திப்புகள் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, எங்கே சந்திக்கின்றன என்பதைப் பாருங்கள். கடைசி 'ம்'மில் சந்திக்க வைத்தால் வீண். மகரத்தில் முடியும் சொற்களுக்கா பஞ்சம்? தமிழ்ச் சொல்லின் நடுவில் க், ச், த், ப் வந்தால் அடுத்த எழுத்து அதே வரிசையில்தான் வரும் என்று நிரப்புகிறவருக்கே தெரியும். ட், ற் இரண்டும் 'நட்பு', 'கற்பூரம்' என்று வேறு எழுத்தோடும் சேரும்.

சொல்லின் முதலில் எது வரும், எது வராது என்று பள்ளியில் படித்த இலக்கணம் இங்கேதான் சோறு போடுகிறது. 'ஜமுக்காளம்' என்று இடமிருந்து வலம் எழுதிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஜ, மு, கா மூன்றிலிருந்தும் கீழ்நோக்கி ஒரு சொல்லைத் தொடங்கலாம். க், ள, ம் மூன்றிலிருந்தும் எதுவும் தொடங்காது. அவை கீழே போகும் சொல்லின் நடுவிலோ கடைசியிலோதான் உட்கார வேண்டும், அதிலும் 'க்' கடைசியில்கூட வராது. 'பா'வை அதற்கு மேல் கட்டத்தில் வைத்துப் 'பாக்கு' என்று இறக்கலாம்.

அதே ஜமுக்காளத்தில் ஒரு வில்லங்கமும் இருக்கிறது. பவானியில் நெய்வதை ஒருவர் ஜமக்காளம் என்று எழுதுவார், ஒருவர் ஜமுக்காளம் என்பார். இரண்டுக்கும் ஆறு எழுத்து. இரண்டாவது கட்டத்தில் வேறொரு சொல் குறுக்கே வராவிட்டால் நிரப்புகிறவர் கடைசிவரை பென்சிலோடுதான் இருப்பார். அந்தக் கட்டத்திலிருந்து 'முருங்கை'யைக் கீழே இறக்கினால் தீர்ந்தது. கோவில் - கோயில், பவளம் - பவழம் எல்லாம் இதே சாதிதான். எந்த எழுத்தில் இரண்டு வழக்கும் பிரிகிறதோ அங்கேயே சந்திப்பை வையுங்கள்.

சந்தியும் இப்படித்தான் காலை வாரும். ஊத்து, குளி என்று பிரித்துக் குறிப்பு கொடுத்தால் கூட்டிப் பார்ப்பவருக்கு ஐந்து எழுத்து வரும். ஊத்துக்குளிக்கு ஆறு கட்டம். நடுவில் வரும் 'க்'கையும் எண்ணித்தான் அடைப்புக்குள் எண் போடுவேன் என்று ஒரு வரியில் அறிவித்துவிட்டு எல்லா மாதமும் அப்படியே செய்யுங்கள்.

வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்று போடுவது நம் வார இதழ்களில் பழகிய வழக்கம். எனக்கு அதில் சண்டையில்லை. 'எழுத்துகள் கலைந்துள்ளன' என்று போடுகிறார்களே, அதில்தான் சண்டை. ஐந்து எழுத்தை 120 விதமாக அடுக்கலாம். விடை தெரிந்தும் எந்த எழுத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாது, அதனால் அந்தச் சொல் பக்கத்துச் சொல்லுக்கு ஒரு உதவியும் செய்யாது. சொல் பொருந்தவில்லை என்றால் வேறு சொல் தேடுங்கள், கலைக்காதீர்கள்.

குறிப்புக்கு வருவோம். 'விலங்கு (2)' என்று கொடுத்து, இரண்டாவது எழுத்து 'ரி' என்று தெரிந்தாலும் நரி, பரி, கரி, அரி எல்லாமே பொருந்தும். 'மாணிக்கவாசகருக்காகக் குதிரையாகி, இரவில் பழையபடி ஊளையிட்டது (2)' என்று கேளுங்கள். கதை தெரிந்தவர் நேரே பேனாவை எடுப்பார். தெரியாதவரும் ஊளையை வைத்துப் பிடித்துவிடுவார். நல்ல குறிப்புக்கு இப்படி இரண்டு வாசல் வேண்டும்.

சொல்லை உடைத்து ஒட்டும் குறிப்புகளில் இந்த இரண்டாவது வாசல் தானாகவே கிடைத்துவிடும். அதனால்தான் எனக்கு அவை பிடிக்கும். 'பனிக்குள்ளே வரச்சொல்லும் ஆறு (3)'. பனிக்கு நடுவில் 'வா' நுழைந்தால் பவானி. 'காயத்துக்கு நடுவில் தலையில்லாமல் எங்கே? காளைக்குப் பேர்போன ஊரில் (5)'. 'எங்கே'யில் தலையை எடுத்தால் 'ங்கே', அதைக் 'காயம்' என்ற சொல்லுக்குள் செருகினால் காங்கேயம். ஒரு பாதி பொருளைச் சொல்கிறது, மறு பாதி எழுத்தைச் சொல்கிறது. இரண்டும் ஒரே இடத்தில் வந்து நின்றால் சந்தேகத்துக்கு இடமில்லை. 'அவதிக்குள் வால்மீகி முதலில் ஜபித்தது, உடுமலைப் பக்கம் ஓடுகிறது (5)' மாதிரி கொஞ்சம் முரட்டுக் குறிப்பு ஒரு புதிருக்கு ஒன்று போதும். 'மரா'வை உள்ளே வைத்துப் பாருங்கள். குறிப்பில் வேலை செய்யாத சொல்லை அலங்காரத்துக்கு வைக்காதீர்கள். நிரப்புகிறவர் அதையும் பிய்த்துப் பார்த்து நேரத்தை வீணாக்குவார். வினையைக் கேட்டால் விடையும் வினையாக, பன்மையைக் கேட்டால் பன்மையாக இருக்க வேண்டும் என்பதை நான் சொல்லவே வேண்டியதில்லை.

நம்ம ஊர்ச் சொற்களைப் போட எனக்கு ஆசை அதிகம். இருபக்கமும் வேலி வைத்த பாதையை இட்டேரி என்கிறோம், எவ்வளவு அழகான சொல்! எழுதுவதிலும் குழப்பமில்லை. ஆனால் வீட்டுப் பின்புறத்துக்குப் பொடக்காலியா பொடக்காளியா, கீரைக்கு ரக்கிரியா ராக்கிரியா என்று ஊருக்கு ஊர் மாறும் சொற்களை எடுத்தால் நம் ஆட்களே அடித்துக்கொள்வார்கள். எத்தனை ஆசை இருந்தாலும் இப்படிப்பட்ட சொல்லுக்கு எழுத்து மாறும் இடமெல்லாம் சந்திப்பு வைக்க முடிந்தால் மட்டும் போடுங்கள். அரிய சொல் வைக்கும் பழக்கம் இந்த விளையாட்டு பிறந்த அன்றைக்கே வந்துவிட்டது. 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்ட் பத்திரிகையில் ஆர்தர் வின் போட்ட முதல் புதிரிலேயே கோமுட்டி என்ற ஒரு பனையின் நாருக்குப் பெயர் கேட்டிருக்கிறார். கேட்கலாம், தப்பில்லை. தெரியாத சொல்லைச் சுற்றித் தெரிந்த சொற்களாக நிறுத்த வேண்டும். இரண்டு தெரியாத சொற்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டால் அந்தக் கட்டம் கடைசிவரை காலிதான்.

ஒரு மூலை மற்ற பகுதியோடு ஒரே ஒரு சொல்லால் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தச் சொல் வராதவருக்கு அந்த மூலை முழுக்கப் போச்சு.

அச்சுக்குப் போகுமுன் இரண்டு பேரை நிரப்பச் சொல்லுங்கள். ஒருவர் இந்தப் பக்கத்துக்காரர், இன்னொருவர் கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்தோ தஞ்சாவூரிலிருந்தோ வந்தவர். பக்கத்தில் உட்காருங்கள், வாயைத் திறக்காதீர்கள். பென்சில் நின்றுபோகும் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். இருவரும் ஒரே எண்ணில் நின்றால் அந்தக் குறிப்பை மாற்றுங்கள். வெளியூர்க்காரர் மட்டும் நின்றால் குறிப்பு இருக்கட்டும், அதை வெட்டும் சொல்லை இன்னும் சுலபமாக்குங்கள். அடுத்த மாதம் விடை போடும்போது 'காங்கேயம்' என்று மட்டும் போடாமல் கா + ங்கே + யம் என்று பிரித்துக் காட்டுங்கள். இல்லாவிட்டால் ஏலம் நடக்கிற நேரம் பார்த்து மண்டிக்கே போன் போட்டு, "ஏனுங்க, அது எப்படிங்க வரும்?" என்பார்கள்.