குத்தியாச்சா? இனி கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

என் மேல் காதில் ஒரு சின்னக் கல் தோடு இருக்கிறது. குத்த ஒரு நொடி ஆனது, ஆற 14 மாதம். அதில் பாதி நானே இழுத்துவிட்டுக்கொண்டது. மூன்றாவது வாரமே வலி போய்விட்டது, சிவப்பும் இல்லை. ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. புடவைக்குப் பொருத்தமாக இருக்கட்டுமே என்று தோட்டை மாற்றினேன். மறுநாள் காலை காது பணியாரம் போல உப்பிக் கிடந்தது.

தோடு போட்ட ஓட்டை ஒரு குட்டிச் சுரங்கம். குத்தியதும் முதலில் அதன் இரண்டு வாயிலும் புதுத் தோல் வளரும். அங்கிருந்து உள்பக்கமாகத் தவழ்ந்து வந்து நடுவில் சேர வேண்டும். அதுவரை வெளியே ஆறின மாதிரிதான் தெரியும், உள்ளே பச்சைப் புண். "அதான் ஆறிடுச்சே" என்று நாம் கை வைப்பது இந்த இடைப்பட்ட காலத்தில்தான்.

அந்தக் காலம் எவ்வளவு என்பது குத்திய இடத்தைப் பொறுத்தது. கீழ்க் காது வெறும் சதை, ரத்த ஓட்டம் தாராளம். 6 முதல் 8 வாரம் போதும். மேல் காது குருத்தெலும்பு. அதற்கென்று சொந்தமாக ரத்தக் குழாய் கிடையாது. மேலே போர்த்தியிருக்கும் சவ்விலிருந்து ஊறி வருவதை வைத்துத்தான் அது பிழைக்கிறது. ஆகவே 6 மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகும். இன்று 'ஹீலிக்ஸ்' என்று கேட்டுக் குத்திக்கொள்ளும் அந்த இடத்தில் நம் பாட்டிமார் கொப்பு போட்டிருந்தார்கள். மூக்குத்திக்கு 4 முதல் 6 மாதம். புல்லாக்கு போடும் நடு மூக்கில், குருத்தெலும்புக்கு முன்னால் மெல்லிய தோல் பகுதி ஒன்று உண்டு. சரியாக அங்கே குத்தினால் 2, 3 மாதத்தில் ஆறிவிடும். தொப்புளுக்கும், மேல் காதுக்குச் சொன்ன அதே கணக்குதான். நாக்கு எல்லாரையும் முந்திக்கொண்டு 4 முதல் 6 வாரத்தில் ஆறிவிடும்.

நான் செய்த முதல் தவறு, ஃபேன்சி ஸ்டோரில் கன் ஷாட்டுக்குத் தலையைக் கொடுத்தது. துளை உள்ள கூரான ஊசி தனக்கு வழியை வெட்டிக்கொண்டு போகும். கன் அப்படியில்லை. முனை மழுங்கிய தோட்டையே ஸ்பிரிங் வேகத்தில் அடித்து நுழைக்கும். கீழ்க் காதுச் சதை அதைப் பொறுத்துக்கொள்ளலாம், குருத்தெலும்பு நசுங்கி விரிசல் விடலாம். இன்னொன்று, பெரும்பாலான கன்களில் பிளாஸ்டிக் பாகம் இருக்கும். 121 டிகிரி நீராவியில் கருவிகளைச் சுத்தம் செய்யும் ஆட்டோகிளேவில் அதை வைத்தால் உருகிவிடும். ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் ஒரு துடை துடைத்துவிட்டு அடுத்தவர் காதுக்குப் போய்விடுவார்கள்.

அந்தப் பஞ்சையும் முழுதாக நம்ப முடியாது. 2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஒரே கடையில் மேல் காது குத்திக்கொண்ட 7 பேருக்குச் சூடோமோனாஸ் என்ற கிருமித் தொற்று உறுதியானது. சிலர் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதாயிற்று. எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால், அந்தக் கடையில் பயன்படுத்திய கிருமிநாசினி பாட்டிலுக்குள்ளேயே அந்தக் கிருமி குடியிருந்தது.

சரி, நல்ல இடத்தில் ஊசியால் குத்தியாயிற்று. அப்புறம் வீட்டுக்கு வந்தால் ஆளுக்கொரு வைத்தியம். "தோட்டைத் திருகிவிட்டுக்கிட்டே இருடி, இல்லேன்னா சதையோட ஒட்டிக்கும்" என்று அத்தை சொன்னார். நானும் ஒரு நாளைக்கு நான்கு தடவை திருகினேன். ஒட்டிக்கொள்ளும் என்பது வெறும் பயம். ஓட்டை வாயில் மஞ்சள் கலந்த வெள்ளையாக ஒரு பொருக்கு கட்டும், பார்த்திருப்பீர்கள். அது சீழ் இல்லை, புண் ஆறும்போது கசியும் நீர் காய்ந்தது. திருகினால் அந்தப் பொருக்கு கண்ணாடித் தூள் மாதிரி உள்ளே போய், அப்போதுதான் முளைத்த தோலைக் கிழித்துவிடும். நகத்தால் கிள்ளி எடுத்தாலும் கெடுதல்தான். குளிக்கும்போது நனைந்து தானாக விழட்டும்.

அடுத்தது மஞ்சளும் தேங்காயெண்ணெயும். மஞ்சளின் குணத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் சமையலறை டப்பாவில் இருக்கும் மஞ்சள் தூள் கிருமி நீக்கியது இல்லையே. எண்ணெய் ஓட்டையை அடைத்துக்கொள்ளும், அழுக்கும் அதில் ஒட்டும். எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறு: மஞ்சள் பூசிய காதில் சிவப்பு தெரியாது. தொற்று ஆரம்பிப்பதை முதலில் காட்டுவதே அந்தச் சிவப்புதான். டெட்டால், ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு மூன்றும் கிருமியோடு சேர்த்துப் புதுத் தோலையும் கொன்றுவிடும்.

மருந்துக் கடையில் கிடைக்கும் நார்மல் சலைன் என்ற உப்புநீரே போதும். ஒரு நாளைக்கு இரண்டு தடவை கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, சலைனில் நனைத்த காஸ் துணியால் முன்னும் பின்னும் ஒற்றி எடுங்கள். வீட்டிலேயே கலப்பதானால் கொதித்து ஆறிய தண்ணீர் 250 மில்லிக்குக் கால் டீஸ்பூன், அயோடின் சேர்க்காத உப்பு. ஒரு கை கல்லுப்பை அள்ளிப் போட்டால் தோல் வறண்டு வெடிக்கும்.

எதைப் போடுகிறோம் என்பதிலும் கோட்டை விடுகிறோம். கவரிங் நகையின் உள்உலோகத்தில் நிக்கல் இருக்கலாம். பச்சைப் புண்ணில் அது பட்டால் அரிப்பும் நீர் கசிவும் விடாது. தொற்று என்று நினைத்து மாத்திரை மேல் மாத்திரை போடுகிறவர்கள் உண்டு, தோட்டை மாற்றினாலே மெல்ல அடங்கிவிடும். உடம்புக்குள் பொருத்தும் தரமான, அதாவது இம்ப்ளாண்ட் தர டைட்டானியம் நல்லது. 916 தங்கமும் சரிதான், ஆனால் நம் ஊர்த் தோட்டின் தண்டை ஒருமுறை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். திருகாணிக்காக வெட்டிய மரை அதில் வரிவரியாக இருக்கும். ஒவ்வொரு முறை கழற்றும்போதும் அந்த மரை உள்தோலை ரம்பம் போல உரசும். போதாததற்குச் சோப்பும் அழுக்கும் அந்த வரிகளில்தான் சேரும். ஆறும்வரை தண்டு வழவழப்பாக இருக்கட்டும், திருகாணியை இறுக்கிவிடாதீர்கள். வீக்கத்துக்கு இடம் விடாவிட்டால் சதை திருகாணியை விழுங்கிவிடும்.

குழந்தைக்குக் காது குத்துவதாக இருந்தால், 6, 10, 14 வாரத் தடுப்பூசிகள் முடியட்டும். டெட்டனஸுக்கான பாதுகாப்பு அதில் அடங்கியிருக்கிறது. குலதெய்வம் கோயிலில் மொட்டையும் காதுகுத்தும் ஒரே நாளில் நடப்பதில் ஒரு சிக்கல் உண்டு. தலையில் பூசிய சந்தனம் வியர்வையோடு வழிந்து நேராகக் காதுக்குத்தான் வரும், கூடவே வெட்டின முடியும். மொட்டை முதலில், குளியல் அடுத்து, தாய்மாமன் மடி கடைசியில் என்று வரிசை வைத்துக்கொள்ளுங்கள். குத்திய காதோடு ஆற்றிலோ குளத்திலோ முங்க வேண்டாம்.

மேல் காதுக்குப் பெரிய எதிரி ஹெல்மெட். கழற்றும்போது தோட்டையும் சேர்த்து இழுக்கும். இரண்டு கையாலும் பக்கவாட்டில் விரித்துக் கழற்றப் பழகுங்கள். அந்தப் பக்கமாகப் படுத்துத் தூங்கினால் ஓட்டை கோணலாக ஆறும். நடுவில் பள்ளம் உள்ள கழுத்துத் தலையணையில் காதை அந்தப் பள்ளத்தில் விட்டுப் படுத்துக்கொள்ளலாம். துண்டால் தலை துவட்டும்போது நூல் மாட்டுவதை நான் சொல்ல வேண்டியதில்லை.

மூக்குத்தியில் திருகாணி தளர்ந்திருக்கிறதா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும். கழன்று உள்ளே போய், மூச்சுக்குழாயில் இறங்கி, டியூப் விட்டு எடுத்த சம்பவங்கள் உண்டு. தொப்புளில் பாவாடை நாடாவும் ஜீன்ஸ் பட்டியும் நாள் முழுக்க உரசும். உடம்பு அந்தக் கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளிவிடவும் செய்யும். நாக்கு முதல் சில நாள் நன்றாக வீங்கும் என்பதால் நீளமான கம்பி போடுவார்கள். வீக்கம் வடிந்த பிறகும் குட்டைக் கம்பிக்கு மாறாமல் விட்டால் பல் உடையும், ஈறு தேயும்.

முதல் சில நாள் சிவப்பு, லேசான சூடு, வீக்கம் எல்லாம் சகஜம். நாளாக ஆக வலி கூடினால், சிவப்பு பரவினால், நாற்றமுள்ள சீழ் வந்தால், காய்ச்சல் அடித்தால் டாக்டரிடம் போக வேண்டும். மேல் காது முழுக்கச் சிவந்து வீங்கி, கீழ்க் காது மட்டும் ஒன்றுமே ஆகாதது போல இருந்தால் அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். குருத்தெலும்பைச் சுற்றியுள்ள சவ்வில் தொற்று என்பதற்கு அது அடையாளம். பெரும்பாலும் காரணம் அதே சூடோமோனாஸ். கடையில் நாமே வாங்கிப் போடும் அமாக்சிசிலின் அதை ஒன்றும் செய்யாது, தாமதித்தால் குருத்தெலும்பு கரைந்து காது சுருங்கிவிடும். பயத்தில் தோட்டைப் பிடுங்கி எறியவும் வேண்டாம். ஓட்டையின் வாய் மூடிக்கொண்டால் சீழ் உள்ளேயே தங்கும். கழற்றுவதா வேண்டாமா என்று டாக்டரே சொல்லட்டும்.

ஓட்டைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு மொட்டு வந்தால் எல்லாரும் கீலாய்டு என்கிறார்கள். உரசலால் வரும் மொட்டு கையை எடுத்தால் வடிந்துவிடும். எனக்கு வந்தது அதுதான். கீலாய்டு வடியாது, காயத்தின் எல்லையைத் தாண்டி வளர்ந்துகொண்டே போகும். நம் போன்ற கருந்தோலில் அது அதிகம், வீட்டில் யாருக்காவது இருந்தால் இன்னும் அதிகம். அப்படிப்பட்ட குடும்பம் என்றால் மேல் காது ஆசையை விட்டுவிடலாம் என்பேன். வந்துவிட்டால் வெறுமனே வெட்டி எடுத்தால் மறுபடி வளரும், ஸ்டீராய்டு ஊசியும் சேர்த்துப் போட வேண்டியிருக்கும்.

கனமான ஜிமிக்கியால் ஓட்டை நீண்டு காதே அறுந்து, தைத்துக்கொண்டவர்கள் பழைய தழும்பிலேயே மறுபடி குத்தச் சொல்கிறார்கள். தழும்புச் சதைக்கு வலு குறைவு, திரும்பவும் அறும். சில மாதம் பொறுத்து, தழும்பைவிட்டுச் சற்றுத் தள்ளிக் குத்திக்கொள்ளுங்கள். ஜிமிக்கி போடும் நாளில் மாட்டலையும் சேர்த்துப் போட்டால் பாதி கனத்தைத் தலைமுடி தாங்கிக்கொள்ளும்.