நாலு மணிக்கு மேல் பள்ளிக்கூடத்தை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகாமல் இருக்க

ஈராசிரியர் பள்ளியில் வேலை பார்ப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போய்விட்டால் அஞ்சு வகுப்பும் உங்கள் தலையில்தான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒண்ணுக்குப் போகணும் என்று விரல் நீட்டும், மூன்றாம் வகுப்பில் பென்சில் சண்டை நடக்கும், அதற்கு நடுவில் எமிஸ் என்ற அரசுப் பள்ளித் தகவல் செயலியில் வருகைப்பதிவு ஏறாமல் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். சாயங்காலம் சொந்தப் பிள்ளையிடம் எரிந்து விழுந்தால் அது உங்கள் குணம் இல்லை. களைப்பு.

முதலில் போனைக் கவனியுங்கள். பிள்ளைகளைவிட நம்மை அதிகம் அரிப்பது வாட்ஸ்அப் குழுதான் என்பேன். ராத்திரி ஒன்பதரைக்கு 'மிக அவசரம்' என்று ஒரு படிவம் வரும், அதைப் பார்த்துவிட்டால் அப்புறம் தூக்கம் எங்கே? பள்ளிக் குழுக்களை மியூட்டில் போட்டுவிட்டு, ஏழு மணிக்கு ஒரே ஒரு தடவை பாருங்கள். "சார், ஏழு மணிக்கு மேல குரூப் பார்க்கிறதில்ல, அவசரம்னா கூப்பிடுங்க" என்று தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கோபமாக இருக்கும் நாளில் வேண்டாம், டீ குடிக்கும் நேரத்தில் சொன்னால் போதும். முதல் வாரம் கை பரபரக்கும்தான்.

கல்வி சாராத வேலைகள் பற்றி ஒரு விஷயம். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 27: மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் பணி தவிர வேறு கல்வி சாராத வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது. இதைத் தனியாளாகப் போய்ப் பேசினால் கெட்ட பெயர்தான் மிஞ்சும், அதனால் நாலு பேராகச் சேர்ந்து, சங்கத்தின் வழியாக, எழுத்தில் கொடுங்கள்.

தொண்டைக்கும் மனசுக்கும் சம்பந்தம் உண்டு. நாள் முழுக்கக் கத்தினால் உடம்பும் சண்டைக்கு நிற்பது மாதிரியே இருக்கும். கைதட்டல், ஒரு சின்ன மணி, இல்லையென்றால் சும்மா அமைதியாக நிற்பது, இதில் ஏதாவது ஒன்றைப் பிள்ளைகளுக்குப் பழக்கிவிடுங்கள். பத்து நாளில் பிடித்துக்கொள்வார்கள். தண்ணீர் பாட்டில் மேசைமேல் இருக்கட்டும். கழிப்பறை வசதி சரியில்லை என்று தண்ணீரே குடிக்காமல் இருக்கும் டீச்சர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அவர்களுக்கு வரும் தலைவலிக்குப் பாதிக் காரணம் அதுதான்.

தற்செயல் விடுப்பை டிசம்பர் வரை மூட்டை கட்டி வைக்காதீர்கள். காய்ச்சலுக்கு மட்டும்தான் விடுப்பு என்று யார் சொன்னது?

சரி, இதெல்லாம் செய்தும் ரெண்டு வாரமாகத் தூக்கம் வரவில்லை, ஞாயிறு சாயங்காலம் ஆனாலே வயிற்றைப் பிசைகிறது, காரணமில்லாமல் அழுகை வருகிறது, 'இருந்து என்ன ஆகப்போகிறது' என்று தோன்றுகிறது என்றால், தியானம் யோகா என்று தள்ளிப்போடாமல் 14416-க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் அது, இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவும் இருக்கிறது. எண்ணைச் சேமிக்கக் கூச்சமாக இருந்தால் 'கேஸ் புக்கிங்' என்று போட்டுக்கொள்ளுங்கள். என் சிநேகிதி ஒருத்தி அப்படித்தான் வைத்திருந்தாள்.