நடுகல்லைப் படம் எடுப்பது எப்படி? எழுத்தும் தெரிய வேண்டுமே!

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பைக்கில் ஒரு சுற்று போனால் ஏரிக்கரையிலோ புளியமரத்தடியிலோ ஒரு வேடியப்பன் கண்ணில் படுவார். மஞ்சள், குங்குமம், எண்ணெய்ப் பிசுக்கு, கையில் வில்லோ வாளோ. மாடு கவர வந்தவர்களோடு சண்டையிட்டோ புலியோடு மோதியோ செத்த வீரனுக்கு நட்ட கல் அது. பல்லவர் காலத்துக் கல் என்றால் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் சில வரிகளும் இருக்கும்: அரசன் பெயர், ஆட்சியாண்டு, யாருடைய தொறுவை (மாட்டு மந்தையை) மீட்கப் போய் ‘பட்டான்’ (செத்தான்) என்ற விவரம். அந்த வரிகளைப் படத்தில் படிக்க முடிய வேண்டும், அதற்குத்தான் இந்தச் செய்முறை.

1. கேமரா

மொபைலே போதும். அகலக் கோண லென்ஸை மட்டும் தொடாதீர்கள், கல்லின் ஓரம் வளையும். கொஞ்சம் பின்னால் போய் 2 எக்ஸில் எடுங்கள். என்னைக் கேட்டால் விலை கூடிய லென்ஸை விட மலிவான முக்காலி மேல்.

2. அனுமதி

உங்களுக்கு வரலாறு, ஊருக்குச் சாமி. செருப்பைக் கழற்றிவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் “அண்ணா, வேடியப்பனை ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?” என்று கேட்டால் யாரும் பெரும்பாலும் மறுப்பதில்லை. பூவை நகர்த்த வேண்டுமென்றால் அவரையே நகர்த்தச் சொல்லுங்கள். எண்ணெயைத் துடைக்காதீர்கள்.

3. கல் எந்தத் திசை பார்க்கிறது?

எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான். ‘காலை ஆறரை மணி வெயிலில் எடு’ என்று எந்தப் போட்டோகிராபரும் சொல்வார். கிழக்கு பார்த்த நடுகல்லுக்கு அந்த வெயில்தான் எதிரி. ஒளி நேராக முகத்தில் அடித்தால் பள்ளத்தில் நிழல் விழாது, நிழல் இல்லையென்றால் எழுத்தும் இல்லை. நமக்கு வேண்டியது கல்லை உரசிக்கொண்டு போகும் வெயில்.

மொபைலில் திசைகாட்டியைத் திறந்து பாருங்கள். கிழக்கு பார்த்த கல்லென்றால் 11 மணிக்கு மேல் காத்திருங்கள். நம் பக்கம் உச்சிப்பொழுது ஏறக்குறைய 12.15. அதை நெருங்க நெருங்க வெயில் மேலிருந்து கல்லை வழித்துக்கொண்டு இறங்கும், அதுவரை மொழுமொழு என்று கிடந்த இடத்தில் வரிகள் எழும்பி வரும். உச்சி தாண்டினால் முகம் நிழலுக்குப் போய்விடும். மேற்கு பார்த்த கல்லுக்கு இதுவே தலைகீழ்: பன்னிரண்டரையிலிருந்து ஒன்றேகால் வரை. தெற்கு பார்த்ததற்கு மார்கழி, தை மாதக் காலை வெயில் அருமை, பக்கவாட்டில் உரசும். வடக்கு பார்த்த கல்லில் கோடையில்தான் வெயில் விழும். மார்கழியில் போனால் டார்ச்தான் கதி.

4. டார்ச்

மேலிருந்து வரும் ஒளி கிடைக்கோடுகளைக் காட்டும், செங்குத்துக் கோடுகளை விழுங்கிவிடும். அதனால் வெயில் நன்றாக இருந்தாலும் டார்ச் படமும் எடுத்துவிடுங்கள். ஒருவர் குடையோ போர்வையோ பிடித்து நிழல் தரட்டும். இன்னொருவர் டார்ச்சைக் கல்லின் ஓரத்துக்குப் பக்கத்தில், முகத்தோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடிக்கட்டும். இடமிருந்து ஒன்று, வலமிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று. கேமரா அசையக் கூடாது, முக்காலி கேட்டது இதற்குத்தான். மொபைல் ப்ளாஷ் நேரே அடிக்கும், அதை அணைத்துவிடுங்கள்.

சுண்ணக்கட்டி, மாவு தடவி எடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எனக்கு அறவே பிடிக்காது. எழுத்தின் மேல் எழுதிவிட்டு எடுத்தால் படத்தில் இருப்பது உங்கள் கையெழுத்து. தேய்ந்த இடத்தில் ‘ப’வா ‘வ’வா என்ற சந்தேகம் அடுத்து வருபவருக்கும் மிஞ்ச வேண்டும்.

5. என்னென்ன எடுக்க வேண்டும்

முழுக் கல், அதன் ஓரமாக ஓர் அளவுகோல். அப்புறம் எழுத்துப் பகுதி மட்டும், வரி வரியாக. பக்கங்கள், பின்புறம். கடைசியாக நாலடி தள்ளி நின்று சுற்றுப்புறம்.

6. பெயர் வைத்தல்

ஊர், வட்டம், கல் பார்க்கும் திசை, ஒளி வந்த திசை, தேதி. மாவட்டத்தில் மட்டும் கவனம்: கிருஷ்ணகிரி 2004இல்தான் பிரிந்தது. அதற்கு முந்தைய பட்டியல்களில் ஊத்தங்கரைக் கல் ‘தருமபுரி மாவட்டம்’ என்றே இருக்கும். தேடும்போது இரண்டிலும் தேடுங்கள். ஜிபிஎஸ் புள்ளியை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள், பொதுவில் போட வேண்டாம். கல் திருடுகிறவனும் அதே வரைபடத்தைத்தான் பார்ப்பான்.

பின்சேர்க்கை: கல்லுக்கு மேல் தகரக் கொட்டகை போட்டிருந்தால் என்ன செய்வது என்று சிலர் கேட்டார்கள். அங்கே திசைக் கணக்கு உதவாது, டார்ச் மட்டும்தான். எண்ணெய் பளபளப்பு தொந்தரவு செய்தால் டார்ச்சின் சாய்வைக் கொஞ்சம் மாற்றுங்கள். அப்படியும் மினுங்கினால் அபிஷேகத்துக்கு முன்னால் வரலாமா என்று பூசாரியிடம் கேளுங்கள். கல்லைத் தண்ணீர் விட்டுக் கழுவும் வேலையை அவரே செய்வார்.