எத்தனை விசில்? பிரஷர் குக்கரைத் தேர்ந்தெடுத்துப் பழகும் முறை

தங்கை மகள் திருமணமாகி மதுரை திருநகரில் தனிக்குடித்தனம் வைத்தபோது, மாசி வீதிப் பக்கம் ஒரு பாத்திரக்கடையில் அவளுக்கு ஒரு குக்கர் வாங்கிக் கொடுத்தேன். அன்று மாலையே போன் வந்தது. “பெரியம்மா, துவரம்பருப்புக்கு எத்தனை விசில் விடணும்?” ஓர் எண்ணைச் சொல்லிவிட்டுப் போனை வைக்க எனக்கு மனம் வரவில்லை. மறுநாள் அவள் வீட்டு அடுப்படியில் நின்று சொல்லிக்கொடுத்ததை, புதிதாகச் சமைக்கத் தொடங்கும் மற்றவர்களுக்காகவும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கொள்ளளவு. இரண்டு மூன்று பேர் உள்ள வீட்டுக்கு 3 லிட்டர் போதும்; நான்கைந்து பேருக்கு 5 லிட்டர் வேண்டும். விருந்தாளிகளை நினைத்துப் பெரிதாக வாங்கி வைப்பவர்கள், அன்றாடம் அரை டம்ளர் பருப்பை அதில் போட்டு, அந்தப் பெரிய பாத்திரம் சூடேறும் வரை வாயுவை வீணாக்குகிறார்கள். எந்தக் குக்கரிலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது, நுரைத்துப் பொங்கும் பருப்பும் அரிசியும் என்றால் பாதியைத் தாண்டக் கூடாது என்பதால், பெட்டியில் அச்சிட்டிருக்கும் லிட்டர் கணக்கு முழுவதும் சமையலுக்குக் கிடைக்காது என்பதையும் வாங்கும்போதே நினைவில் கொள்ள வேண்டும்.

அலுமினியமா, ஸ்டீலா என்று எல்லோரும் கேட்கிறார்கள். அலுமினியம் விலை குறைவு, சீக்கிரம் சூடேறும். ஆனால் புளியும் தக்காளியும் சேர்ந்த குழம்பை அதில் நெடுநேரம் வைத்திருப்பது நல்லதன்று, சாதாரண அலுமினியக் குக்கர் இண்டக்‌ஷன் அடுப்பிலும் வேலை செய்யாது. ஸ்டீல் வாங்குவதானால் அடிப்பாகத்தை விரலால் தட்டிப் பார்க்க வேண்டும். கனமான அடி உள்ளதில்தான் பருப்பு அடிப்பிடிக்காமல் வேகும். பருப்பும் சோறும் மட்டுமே வைக்கப்போகும் வீட்டுக்கு அலுமினியமே போதும் என்பது என் கருத்து.

மூடியில் இரண்டு வகை உண்டு. பிரெஸ்டீஜ் குக்கர்களில் பரவலாகக் காணப்படும் வெளிமூடி, பாத்திரத்தின் விளிம்புக்கு மேல் அமர்ந்து, திருகிப் பூட்டிக்கொள்ளும். ஹாக்கின்ஸ் குக்கர்களின் உள்மூடியைச் சாய்த்து உள்ளே இறக்கி மேலே இழுத்துப் பொருத்த வேண்டும். ஆவியே அதை உள்ளிருந்து அழுத்திப் பிடித்துக்கொள்வதால், அழுத்தம் இருக்கும் வரை அது திறக்காது. கை பழக உள்மூடிக்கு நாலைந்து நாள் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான். எதை வாங்கினாலும் அதன் காஸ்கெட்டும் (மூடியில் பொருந்தும் ரப்பர் வளையம்), வெயிட்டும் (ஆவிக்குழாயின் மேல் உட்கார்ந்து விசில் அடிக்கும் பாகம்), சேஃப்டி வால்வும் (அழுத்தம் மிஞ்சினால் திறந்துகொண்டு ஆவியை விடும் பாகம்) உங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் கிடைக்குமா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். உசிலம்பட்டிப் பக்கத்துச் சிற்றூரில் இருப்பவர், ஒரு ரப்பர் வளையத்துக்காக மதுரைக்குப் பேருந்து ஏற வேண்டிய நிலை வரக் கூடாது. ஐ.எஸ். 2347 என்ற, குக்கர்களுக்கான இந்தியத் தரநிலை எண்ணுடன் ஐ.எஸ்.ஐ. முத்திரை பொறித்திருப்பதையும் கண்ணால் பார்த்து வாங்க வேண்டும். 2021 பிப்ரவரி முதல் வீட்டுக் குக்கர்களுக்கு அந்த முத்திரை கட்டாயம்.

இனிச் சமையல். அடுப்பில் ஏற்றுவதற்கு முன், மூடியை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, வெயிட் உட்காரும் ஆவிக்குழாயின் துளை வழியே பாருங்கள். மறுபக்க வெளிச்சம் ஒரு புள்ளியாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஈர்க்குச்சியால் குத்திச் சுத்தம் செய்து, குழாய்த் தண்ணீரைத் துளையில் விட்டு, அது தடையின்றி ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். அரை நிமிடம்கூட ஆகாத இந்த வேலையை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகை அன்று, அவசரத்தில் துளையைப் பார்க்காமல் பாசிப்பருப்பை ஏற்றிவிட்டேன். முந்தின நாள் உளுந்துத்தோல் ஒன்று குழாய்க்குள் காய்ந்து ஒட்டியிருந்திருக்கிறது. விசில் வரவே இல்லை. சற்று நேரத்தில் சேஃப்டி வால்வு திறந்துகொண்டு, பருப்பும் ஆவியும் கூரை வரை சீறி அடித்தன. நான் அப்போது முற்றத்தில் அகல் விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்ததால் தப்பித்தேன். அந்தச் சிறிய வால்வு இல்லையென்றால் மூடியே பறந்திருக்கும். 1679-இல் இந்த வகைப் பாத்திரத்தை முதன்முதலில் செய்த டெனிஸ் பாப்பின் என்ற பிரெஞ்சு அறிவியலாளரே, அழுத்தம் மிஞ்சினால் ஆவி வெளியேறுவதற்கு ஒரு வால்வையும் வகுத்தார். ஒருமுறை திறந்த வால்வுக்குப் பதிலாக அதே மாடலுக்குரிய புதியதைத்தான் போட வேண்டும். துளையை வேறு எதைக் கொண்டும் அடைக்கக் கூடாது.

துளை சரியாக இருந்தால் பருப்பைக் கழுவிப் போடலாம். ஒரு பங்கு துவரம்பருப்புக்கு மூன்று பங்கு தண்ணீர், சிட்டிகை மஞ்சள்தூள், நுரை அடங்க நான்கு சொட்டு எண்ணெய். எங்கள் அப்பத்தா விளக்கெண்ணெய்தான் விடுவார். நல்லெண்ணெயும் அதே வேலையைச் செய்யும். புளியைப் பருப்பு வெந்த பிறகே சேர்க்க வேண்டும், ஏனென்றால் புளிப்பு இருக்கும் தண்ணீரில் பருப்பு குழையாது. தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் போர் தண்ணீர் பல இடங்களில் உப்புத் தண்ணீராக இருக்கிறது. அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து பருப்பின் தோலையும் சதையையும் இறுக்கிப் பிடித்துக்கொள்வதால், எத்தனை விசில் விட்டாலும் மொச்சையும் கொண்டைக்கடலையும் விதைபோலக் கடிபடும். அப்படிப்பட்ட வீடுகளில் ஊறவைப்பதற்கும் வேகவைப்பதற்கும் குடிதண்ணீரையே பயன்படுத்துங்கள். குக்கரில் கோளாறு என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்களில் சிலருக்கு உண்மையில் தண்ணீரில்தான் கோளாறு.

மூடியைப் பொருத்தும்போது காஸ்கெட் சுற்றிலும் மடிப்பின்றி அதன் பள்ளத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அடுப்பைப் பெரிதாக எரிய விடலாம். ஆனால் தீ அடிப்பாகத்தைத் தாண்டிப் பக்கவாட்டில் ஏறக் கூடாது, ஏறினால் கைப்பிடி கருகிப்போகும். வெயிட்டை இப்போதே போட்டுவிடாதீர்கள். முதலில் ஆவிக்குழாய் வழியாக மெல்லிய புகைபோல விட்டுவிட்டு ஆவி வரும், துளிகள் தெறிக்கும். பிறகு அது நூல் பிடித்தாற்போல் நேராக, இடைவிடாமல் சீறும். உள்ளேயிருந்த காற்று வெளியேறிவிட்டது, வழியும் திறந்திருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். அப்போது வெயிட்டை மேலே வைக்க வேண்டும்.

விசில் கணக்கை இங்கேதான் புரிந்துகொள்ள வேண்டும். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. அதற்கு மேல் எவ்வளவு எரித்தாலும் சூடு ஏறாது. குக்கருக்குள் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ அழுத்தம் கூடும்போது கொதிநிலை ஏறத்தாழ 120 டிகிரிக்கு உயர்கிறது, அதனால்தான் சீக்கிரம் வேகிறது. அழுத்தம் அந்த அளவைத் தாண்டும்போது வெயிட் எழும்பி, மிகுதியான ஆவியை வெளியே விடுகிறது. நமக்குக் கேட்பது அந்தச் சத்தம். தீயைப் பெரிதாக வைத்தால் இரண்டு நிமிடத்தில் நாலு விசில் வந்துவிடலாம். சிம்மில் வைத்தால் பத்து நிமிடத்துக்கு ஒன்றுகூட வராமல், உள்ளே பருப்பு நன்றாக வெந்துகொண்டிருக்கலாம். இதனால் பக்கத்து வீட்டு நாலு விசிலும் உங்கள் வீட்டு நாலு விசிலும் ஒன்றாகாது. முதல் விசில் வந்ததும் அடுப்பைச் சிம்மில் வைத்து, அங்கிருந்து கடிகாரத்தைப் பார்த்து எண்ணுங்கள் என்று தங்கை மகளிடம் சொன்னேன்.

அரை மணி நேரம் ஊறிய துவரம்பருப்புக்குப் பத்து நிமிடம். பொன்னிப் புழுங்கல் அரிசிக்கு, ஒன்றுக்கு மூன்று தண்ணீர் வைத்து, எட்டு நிமிடம். இரவு முழுவதும் ஊறிய கொண்டைக்கடலைக்குப் பதினைந்து முதல் இருபது நிமிடம். ஆட்டுக்கால் சூப்புக்கு நாற்பது நிமிடமாவது வேண்டும், முற்றிய கால் என்றால் இன்னும் கூடுதலாக. இவ்வளவு நேரம் வேகும் பண்டத்துக்குத் தண்ணீரைத் தாராளமாக வைக்காவிட்டால் குக்கர் வறண்டுவிடும். முதல் ஒரு வாரம் இந்த நிமிடங்களை வைத்துச் செய்து பார்த்து, உங்கள் அடுப்புக்கும் தண்ணீருக்கும் தக்கபடி கூட்டியோ குறைத்தோ ஒரு தாளில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். சோற்றையும் பருப்பையும் தனித்தனிக் கிண்ணங்களில் அடுக்கி வைப்பவர்கள், குக்கரின் அடியில் ஒன்றரை டம்ளர் தண்ணீர் ஊற்றி, ஒரு சிறு துண்டுப் புளியைப் போட்டால் அலுமினியத்தின் உட்புறம் கறுக்காது.

நேரம் ஆனதும் அடுப்பை அணைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். இந்தப் பத்து நிமிடத்தைப் பொறுக்காமல்தான் பலர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். அரிசியும் பருப்பும் உள்ளே இருக்கும்போது கரண்டியால் வெயிட்டைத் தூக்கி ஆவியை விடுவது கூடவே கூடாது. ஆவியோடு கொதிக்கும் கஞ்சியும் பீய்ச்சி வரும். அழுத்தம் தானாக இறங்கிய பிறகு வெயிட்டை இலேசாக அசைத்தால் ‘உஸ்’ என்ற சத்தமே இருக்காது. அதன் பிறகும் மூடி எளிதாகத் திரும்பவில்லையென்றால் வலுவாகத் திருகாதீர்கள், இன்னும் ஐந்து நிமிடம் விடுங்கள். திறக்கும்போது மூடியின் பின்விளிம்பை முதலில் உயர்த்தினால் ஆவி முகத்தில் அடிக்காது.

கழுவும்போது காஸ்கெட்டைத் தனியே கழற்றிக் கழுவித் துடைத்து, மூடியைப் பூட்டாமல் பாத்திரத்தின் மேல் கவிழ்த்து வையுங்கள். விசில் வராமல் மூடியின் ஓரத்தில் ஆவி கசிந்தால் அநேகமாகக் காஸ்கெட்தான் தளர்ந்திருக்கும். அதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்தால் அன்றைய ஒரு சமையலுக்கு இறுகும், மறுநாள் மறுபடியும் கசியும். அன்றாடம் சமைக்கிற வீட்டில் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது. கடைக்குப் போகும்போது பழைய காஸ்கெட்டையும், குக்கரில் குறித்திருக்கும் லிட்டர் அளவையும் மாடல் பெயரையும் எழுதி எடுத்துக்கொண்டு போனால் சரியான அளவு முதல் தடவையிலேயே கிடைத்துவிடும்.