வீதியோரப் பாறை வெடிப்பில் தகைப்பின் திசையைக் காண்பது எப்படி?

மலையகத்தில் வீதிக்காக வெட்டிய கருங்கற் சுவர்களுக்குப் பஞ்சமில்லை. அவற்றில் ஓடும் நேரான வெடிப்புகளை அளந்தால், புவியின் மேலோடு எந்தத் திசையில் நெருக்கப்பட்டது என்று கணிக்கலாம். பாறைக்குள் இருக்கும் இந்த நெருக்கலே தகைப்பு.

முதலில் ஒரு கணக்கு. பாறையின் அடர்த்தி கன மீற்றருக்குச் சுமார் 2700 கிலோகிராம். 1 கிலோமீற்றர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றர் மீதும் 270 கிலோ அமர்ந்திருக்கிறது; ஏறத்தாழ 26 மெகாபஸ்கல் அழுத்தம். இது மேலிருந்து வருவது. பக்கவாட்டு நெருக்கலைத் தருவது, மேலோட்டைச் சுமந்து மெல்ல நகரும் பெரும் பாறைத் தட்டின் ஓட்டம். இந்தியத் தட்டு வடக்கே நகர்ந்து இமயத்தில் முட்டுகிறது. பின்னாலிருந்து நடுக்கடல் முகடு என்னும் கடலடி மலைத்தொடர் தள்ளுகிறது. இலங்கைக்குத் தெற்கே கடலடிப் பாறை வடக்கு–தெற்காக நசுங்கி மடிந்திருப்பது இதனால்தான்.

தேவை: திசைகாட்டி, சாய்வுமானி, கொப்பி, ஒரு மட்டப் பலகை.

1. மழை விட்ட கையோடு வெட்டுக்குக் கீழே நிற்க வேண்டாம். காய்ந்த நாளில், வீதி வளைவில்லாத இடத்தில் நில்லுங்கள்.

2. தள்ளவேண்டியதைத் தள்ளுங்கள். பெரும்பாலானோர் பிழைவிடுவது இங்கேதான். வெடிவைத்த துளையைச் சுற்றி விசிறிபோல விரிபவை மனிதர் உண்டாக்கியவை. மலைச்சரிவுக்கு இணையாக உரிபவை மேற்சுமை குறைந்ததால் வந்தவை. கறுப்பு வெள்ளைப் பட்டைகள் வெடிப்பே அல்ல.

3. மிஞ்சியவற்றில் 75 பாகைக்கு மேல் நிமிர்ந்து நிற்கும் 50 வெடிப்புகளை எடுங்கள். பலகையை வெடிப்பின் முகத்தில் ஒட்டிப் பிடித்து, அதன் விளிம்போடு திசைகாட்டியை மட்டமாக வைத்து வாசியுங்கள். பாறையில் நேரே வைத்தால் அதிலுள்ள காந்தக்கல் ஊசியை இழுக்கும். நிறுத்திய வாகனமும் அப்படியே.

4. வாசிப்புகளை 10 பாகைக் கட்டுகளாகப் பிரித்து எண்ணுங்கள்.

5. இரண்டு கூட்டம் தனித்துத் தெரிந்து, இடைக்கோணம் 60 பாகையளவில் இருந்தால், அந்தக் கூர்ங்கோணத்தை இரண்டாகப் பிரிக்கும் கோடே நெருக்கலின் திசை. உதாரணத்துக்கு 340, 40 என்றால் விடை 10 பாகை. இடைக்கோணம் 90 ஆனால் இம்முறை செல்லாது. வழுக்கிய கீறல் ஏதும் முகத்தில் தெரிந்தால் விடைக்குப் பலம் கூடும்.

கிடைத்த திசையை இன்றைய தகைப்பு என்று எழுதிவிடாதீர்கள். மலையகப் பாறைகள் ஆழத்தில் கடைசியாக வெந்து உருமாறி 50 கோடி ஆண்டுக்கு மேலாகிறது. இந்தியா இமயத்தில் முட்டத் தொடங்கியதோ சுமார் 5 கோடி ஆண்டுக்கு முன். வெடிப்பு அந்த உருமாற்றத்துக்குப் பின் இன்றுவரை எப்போதும் வந்திருக்கலாம். இன்றைய தகைப்புக்கு ஆழ்துளைச் சுவர் உதிரும் பக்கத்தைப் பார்ப்பார்கள். மிகப்பெரிய பக்கவாட்டுத் தகைப்பு அதற்குச் செங்கோணத்தில் இருக்கும்.