டூ ஸ்ட்ரோக் ஏடிவிக்கு ஜெட் பார்ப்பது: கொழும்புக்கு ஒரு கணக்கு, மலைக்கு ஒரு கணக்கு

ஏடிவி என்பது மண் பாதையில் ஓடும் நாலு சில்லு வண்டி. காற்றையும் பெற்றோலையும் கலக்கும் காபரேற்றருக்குள், பெற்றோல் போகும் அளவைத் தீர்மானிக்கும் துளையுள்ள சின்னப் பித்தளைத் திருகுதான் ஜெட். டூ ஸ்ட்ரோக் எஞ்ஜினுக்குப் பெற்றோல் கூடினால் பிளக் கறுக்கும், புகை வரும், வண்டி இருமும். குறைந்தால் வண்டி துள்ளி ஓடும். கொஞ்ச நேரத்துக்கு முன்னையைவிட நன்றாகவே ஓடும். அதற்குப் பிறகுதான் பிஸ்டன் சிலிண்டரைப் பிடிக்கும். உள்ளே போகிற பெற்றோல்தான் பிஸ்டன் தலையின் சூட்டைத் தணிக்கிறது. ஒயில் கலந்து ஊற்றும் வண்டியில் மசகும் அந்தப் பெற்றோலோடுதான் வருகிறது. ஆகவே ஜெட் பார்க்கும்போது பெற்றோல் கூடின பக்கத்திலிருந்து தொடங்கிப் படிப்படியாகக் குறைத்து வாருங்கள். கராஜில் கூடினதை ரிச் என்றும் குறைந்ததை லீன் என்றும் சொல்வார்கள், இங்கும் அப்படியே.

உதாரணத்துக்கு யமஹா பிளாஸ்டர், பான்ஷி இரண்டையும் எடுத்துக்கொள்வோம். பிளாஸ்டரில் 26 மில்லிமீற்றர் மிக்குனி காபரேற்றர் ஒன்று. பான்ஷியில் அதே அளவில் இரண்டு. வேறு வண்டி என்றால் இலக்கங்கள் மாறும், வேலை மாறாது.

எது எங்கே ஆளுகிறது

த்ரொட்டில் கொடுத்தால் காபரேற்றருக்குள் எழும்பும் உருளைதான் ஸ்லைடு, ஊசி அதில் தொங்கும். த்ரொட்டில் மூடியிருப்பதிலிருந்து எட்டில் ஒரு பங்கு திறக்கும்வரை பைலட் என்ற சின்ன ஜெட்டும், அதற்குக் காற்றைக் கூட்டிக் குறைக்கும் எயார் ஸ்குரூவும். அங்கிருந்து கால் பங்குவரை ஸ்லைடின் வெட்டு. கால் பங்கிலிருந்து முக்கால்வரை ஊசி. முக்காலுக்கு மேலே மெயின் ஜெட். எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறித்தான் இருக்கும். ஆனாலும் அரைத் த்ரொட்டிலில் வரும் கோளாறுக்கு மெயின் ஜெட்டை மாற்றுவது, தலையிடிக்குக் காலில் எண்ணெய் பூசுகிற வேலை. கோளாறு எந்த இடத்தில் வருகிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

ஏடிவியில் த்ரொட்டில் பெருவிரலால் தள்ளும் சின்ன நெம்பு. ‘அரைவாசி தள்ளினேன்’ என்று நீங்கள் நினைக்கும் இடம் உண்மையில் மூன்றில் ஒன்றாக இருக்கலாம். எஞ்ஜினை நிறுத்தி, எயார் பொக்ஸ் இறப்பரைக் கழற்றுங்கள். 6.5 மில்லிமீற்றர் துளைக்கோல் ஒன்றின் வழுவழுப்பான அடிப்பகுதியை, ஊசிக்குப் பக்கத்தால் ஸ்லைடுக்குக் கீழே முழு ஆழத்துக்கும் செலுத்துங்கள். ஸ்லைடின் எஞ்ஜின் பக்க விளிம்பு அதைத் தொட்டு நிற்கும்போது, நெம்பு நிற்கும் இடத்துக்கு நேரே கைபிடியில் ஒட்டிய மாஸ்கிங் டேப்பில் ஒரு கோடு. அது கால் பங்கு. 13 மில்லிமீற்றர் வைத்தால் அரை, 19.5 என்றால் முக்கால். ஐந்து நிமிட வேலை. இது இல்லாமல் செய்கிற மற்றதெல்லாம் குருட்டு வேலை.

கை வைக்க முதல்

ஜெட் கோளாறு என்று வரும் வண்டிகளில் கணிசமானவற்றுக்கு ஜெட்டில் ஒன்றுமே இருக்காது. காற்று ஒழுகும் எஞ்ஜினுக்கு எந்த ஜெட்டும் பொருந்தாது. இன்றைக்குச் சரிவந்தது நாளைக்குப் பிழைக்கும். காபரேற்றருக்கும் சிலிண்டருக்கும் இடையிலுள்ள இறப்பரை விரலால் வளைத்துப் பாருங்கள். வெக்கையிலும் வயதிலும் மடிப்புக்குள்ளே மயிரிழை வெடிப்பு விழும். வளைத்தால்தான் கண்ணுக்குப் படும். பான்ஷியில் இரண்டு இறப்பரையும் இணைக்கும் குறுக்குக் குழாயையும் மறக்க வேண்டாம்.

நிச்சயமாகத் தெரிய வேண்டுமென்றால் அமுக்கச் சோதனை. உள்வாயையும் புகைவாயையும் இறப்பர் அடைப்பால் மூடி, சைக்கிள் பம்பால் 6 பிஎஸ்ஐ மட்டும் ஏற்றுங்கள். அதற்கு மேலே போனால் நல்ல சீலும் கெடும். 6 நிமிடம் நிற்க வேண்டும். இறங்கினால் சவர்க்காரத் தண்ணீரைத் தூரிகையால் தடவி, குமிழி எங்கே வருகிறது என்று பாருங்கள்: இறப்பர், சிலிண்டர் அடி, ஹெட், மக்னெற்றுக்குப் பின்னாலுள்ள கிராங்க் சீல். கிராங்க் சீல் போயிருந்தால் வண்டி சும்மா நிற்கும்போதே எஞ்ஜின் சத்தம் கூடி, இறங்க மறுக்கும்.

இன்னும் சில. எயார் ஃபில்டர் கழுவி, ஒயில் பூசி இருக்கட்டும். அழுக்கு ஃபில்டரோடு ஜெட் பார்த்தால், கழுவின அன்றைக்கே வண்டி லீன் ஆகும். குளிரில் ஸ்டார்ட் பண்ணப் பெற்றோலைக் கூட்டும் சொக்கின் பிளஞ்சர் நுனி இறப்பர் தேய்ந்திருந்தால், மூடியிருக்கும்போதும் பெற்றோல் ஒழுகி, அடியில் ஓயாத ரிச் காட்டும். காபரேற்றருக்குள் பெற்றோல் மட்டத்தைக் காக்கும் மிதவையான ஃப்ளோட்டின் உயரம் கைநூலில் உள்ளபடி இருக்க வேண்டும். அது பிழைத்தால் எல்லா ஜெட்டும் சேர்ந்து பிழைக்கும். இந்த இரண்டு யமஹாவிலும் டோர்ஸ் என்றொரு பாதுகாப்பு மின்சுற்று உண்டு. த்ரொட்டில் கேபிளின் தளர்வு சரியில்லை என்றால் அது பொறியை இடையிடையே வெட்டும். கேட்டால் அசல் ரிச் இருமல் போலவே இருக்கும். கேபிளைச் சரிபாராமல் ஜெட் மாற்றினால் நாள் முழுக்க மாற்றிக்கொண்டே இருக்கலாம்.

ஒயில் கலவையையும் முதலே தீர்மானித்து விடுங்கள். 32க்கு 1 என்றால் லீற்றருக்கு 31 மில்லிலீற்றர், 5 லீற்றருக்கு 156. ‘பாதுகாப்புக்கு’ என்று ஒயிலைக் கூட்டினால் அந்த இடத்தில் பெற்றோல் குறைகிறது. கலவை லீன் பக்கம் நகர்கிறது. பிளாஸ்டரில் ஒயிலைத் தானே கலக்கும் பம்ப் கழற்றப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டே தாங்கியில் ஊற்றுங்கள். ஒக்டேன் 92க்குப் பதில் 95 ஊற்றுவது லீனுக்கு மருந்து அல்ல.

மெயினைப் பெருப்பித்து வைத்துவிட்டு, கீழிருந்து

இப்போது போட்டிருக்கும் மெயின் ஜெட்டைவிட இரண்டு அளவு பெரியதைப் போடுங்கள். 200 இருந்தால் 220. மேலே இருமும், இருமட்டும். கீழே வேலை செய்து முடியும்வரை பிஸ்டனுக்கு அது காவல்.

எஞ்ஜின் நன்றாகச் சூடாக வேண்டும். எயார் ஸ்குரூவை மெல்ல உள்ளே திருகி, தொட்டதும் நிறுத்துங்கள். இறுக்கினால் பித்தளை இருக்கை நசுங்கும். அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே. பிறகு கால் சுற்றுக் கால் சுற்றாக வெளியே விட்டு, ஒவ்வொரு தடவையும் பத்து விநாடி பொறுங்கள். சத்தம் ஏறி ஓரிடத்தில் உச்சம் தொட்டு இறங்கும், உச்சத்தில் நிறுத்துங்கள். தொடக்கத்திலேயே இறங்கினால் உள்ளே திருகித் தேடுங்கள். காற்றுப் பக்கத்து ஸ்குரூ என்பதால் வெளியே விட்டால் லீன், உள்ளே விட்டால் ரிச். ஸ்குரூ எஞ்ஜின் பக்கம் இருக்கும் காபரேற்றரில் இது தலைகீழ்.

உச்சம் ஒரு சுற்றுக்கு உள்ளேயே வந்தால் பைலட் ஜெட் சின்னது, ஒரு படி கூட்டுங்கள். இரண்டரைக்கு வெளியே போனால் பெரியது. படி 2.5 ஆகத்தான் வரும்: 25, 27.5, 30. சரியான நிலையில் நெம்பைச் சட்டென்று தட்டினால் எஞ்ஜின் உடனே எழும்பி உடனே இறங்கும். ‘ப்பா…’ என்று ஒரு கணம் செத்து எழும்பினால் லீன்; சொக்கைக் கொஞ்சம் இழுத்துப் பார்த்தால் திருந்தும். ‘தட தட’ என்று துப்பி எழும்பினால் ரிச். சொக் இழுத்தால் இன்னும் மோசம்.

வெள்ளவத்தை ஒழுங்கைக்குள் செய்யக்கூடியது இவ்வளவும்தான், அதுவும் பின்னேரம் ஆறு மணிக்கு முதல். இதற்கு மேலே நேரான வெட்டவெளி வேண்டும். அவிசாவளைப் பக்கம் தெரிந்தவர்களின் இறப்பர் தோட்டப் பாதை கிடைத்தால் நல்லது. பொதுத் தெரு வேண்டாம்.

ஊசிக்கு: மூன்றாம் கியரில் அரைக் கோட்டில் நெம்பைப் பிடித்து ஒரே சீராக ஓட்டுங்கள். இருமினால் ஊசியை இறக்க வேண்டும், அதாவது ஊசியின் தலைப் பக்கத்துப் பள்ளங்களில் ஒன்றில் மாட்டி அதைத் தாங்கும் கிளிப்பை ஒரு பள்ளம் மேலே போட வேண்டும். ஏறி இறங்கி, ஏறி இறங்கி அலைந்தால், அல்லது தகரப் பேணிக்குள் சல்லிக்காசு குலுக்கின மாதிரிச் சத்தம் கேட்டால், லீன். கிளிப்பை ஒரு பள்ளம் கீழே போடுங்கள். கிளிப் மேலே போனால் ஊசி கீழே போகும். அனுபவமுள்ளவர்களும் அவசரத்தில் மாற்றிப் போடுகிற இடம் இது. சல்லிக்காசுச் சத்தம் கேட்ட பிறகு ‘இன்னுமொரு சுற்று’ வேண்டாம்.

மெயினும் பிளக்கும்

நாலாம் கியரில் முழுத் த்ரொட்டில். இரண்டு அளவு பெருப்பித்த ஜெட் மேலே உடைந்து உடைந்து ஓட வேண்டும். ஒவ்வொரு அளவாகக் குறைத்து, உடைசல் நின்று சுத்தமாக இழுக்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அங்கே ஒரு சோதனை: முழுதும் தள்ளி ஓடும்போது விரலை மயிரளவு தளர்த்துங்கள். வேகம் சற்றுத் தளர்ந்தால் சரி. வண்டி முன்னே பாய்ந்தால் மெயின் லீன். அந்த இடத்திலேயே நிறுத்தி ஜெட்டைக் கூட்டுங்கள்.

பிறகு புது பிளக். இந்த யமஹாக்களுக்கு என்ஜிகே பி8இஎஸ் வகை. சூடான எஞ்ஜினில் அதைப் போட்டு, நாலாம் கியரில் முழுத் த்ரொட்டிலில் ஒரு நல்ல நீளம் ஓடி, விரல் முழுதும் தள்ளியபடியே எஞ்ஜினை நிறுத்தும் கில் சுவிட்சை அழுத்திக் கிளட்சைப் பிடியுங்கள். உருண்டு நிற்கட்டும். எஞ்ஜினில் திரும்பிவரக் கூடாது. ஒரு நிமிடம் சும்மா ஓடினாலே பிளக் பைலட் ஜெட்டின் கதையைச் சொல்லத் தொடங்கிவிடும்.

வெளியே தெரியும் பீங்கான் நுனியின் நிறத்தை நம்ப வேண்டாம். இரும்பு அறுக்கும் வாளால் பிளக்கின் மரையை அறுத்து எடுத்து, பீங்கான் உலோகத்துக்குள் இறங்கி மறையும் அடியை டோர்ச்சும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் வைத்துப் பாருங்கள். அங்கே பால் கோப்பி நிறத்தில் ஒரு மெல்லிய வளையம் இருக்க வேண்டும். அது கறுத்துத் தடித்து மேலே ஏறியிருந்தால் ரிச். வளையமே இல்லாமல் அடிவரை வெள்ளையாக இருந்தால் லீன். வெள்ளையில் மிளகுத்தூள் தூவின மாதிரிப் புள்ளிகளோ, மினுங்கும் அலுமினியப் பொட்டுகளோ தெரிந்தால் பிஸ்டன் தலை கரையத் தொடங்கிவிட்டது. சிலிண்டரைக் கழற்றிப் பாருங்கள். ஒரு பிளக் வீணாகும். பிஸ்டனும் போரிங்கும் அதைவிட எவ்வளவோ விலை. பான்ஷியில் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை என்றால் அது ஜெட் அல்ல, இரண்டு ஸ்லைடும் ஒன்றாக எழும்பவில்லை அல்லது ஒரு பக்கம் காற்று ஒழுகுகிறது.

வளையம் சரியான பிறகு, ஒரு அளவு பெரிய ஜெட்டைப் போட்டு விட்டுவிடுவதே எங்கள் தெரிவு. நாள் முழுக்க முழுத் த்ரொட்டிலில் ஓடும்போது அந்த இடைவெளி தேவைப்படும்.

ஜெட் வாங்கும்போது

கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் தேடினால் மிக்குனி ஜெட் கிடைக்கும். கைபட்ட ஜெட்டும் கிடைக்கும். துளையைக் கம்பியால் பெருப்பித்ததோ, ஈயம் வைத்துச் சிறுப்பித்ததோ, எதற்கும் இலக்கம் பழையதுதான். அசல் மிக்குனியில் சதுரத்துக்குள் சதுரம் அடையாளம் குத்தியிருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். துளை வட்டமாக, விளிம்பு கீறலில்லாமல் மினுங்க வேண்டும். அடைத்த பைலட் ஜெட்டை எடுக்க இரும்புக் கம்பி வேண்டாம். காபரேற்றர் கிளீனர், பிறகு தூண்டில் நைலோன் இழை. இன்னொன்று: மிக்குனி மெயினின் இலக்கம் பெற்றோல் பாயும் அளவு, இன்னொரு காபரேற்றர் கம்பனியான கெய்ஹினின் இலக்கம் துளையின் விட்டம். கெய்ஹின் 150 என்றால் 1.50 மில்லிமீற்றர். ஒன்றின் இலக்கத்தை மற்றதற்குக் கொண்டுபோக முடியாது.

மலைக்குப் போகும்போது

கொழும்பில் வருடம் முழுக்க வெப்பம் பெரிதாக மாறாது. மழை பெய்து புழுங்கும் நாளில் ஈரப்பதம் காற்றின் இடத்தில் 3 சதவீதத்துக்குக் கிட்டப் பிடித்து, வண்டி கொஞ்சம் ரிச் ஆகும். எயார் ஸ்குரூவில் எட்டில் ஒரு சுற்று வெளியே விட்டால் போதும். உயரம் வேறு கதை. நுவரெலியா 1,868 மீற்றர். அங்குள்ள குளிரையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால், கொழும்பில் சரியாக இருந்த வண்டி அங்கே 8 முதல் 9 சதவீதம் ரிச். மிக்குனி 220 என்றால் 200க்கு இறக்கலாம். கெய்ஹின் 150 என்றால் 145 போதும், விட்டம் கொஞ்சம் குறைந்தாலே துளையின் பரப்பு அதைவிட வேகமாகக் குறையும். எயார் ஸ்குரூவை அரைச் சுற்று வெளியே விடுங்கள். அரைத் த்ரொட்டிலில் இன்னும் இருமினால் கிளிப் ஒரு பள்ளம் மேலே. தியத்தலாவைக்கு உயரம் குறைவு, மாற்றமும் அதற்கேற்பக் குறைவு.

ஏறும்போது மறந்தால் வண்டி இருமும், அவ்வளவுதான். இறங்கி வந்து மறந்தால் எஞ்ஜின் போகும்: மலை ஜெட்டோடு லொறியிலிருந்து இறக்கி, கொழும்பு வெயிலில் முழுத் த்ரொட்டில் கொடுத்தால் 8 சதவீதம் லீன். மேலே ஜெட் மாற்றின கையோடு கழற்றிய ஜெட்டைச் சின்னப் பையில் போட்டு, திறப்போடு கட்டிவிடுங்கள். கொழும்புக்கு இறங்கி வந்த பிறகு, அந்தப் பை திறப்பில் தொங்கும்வரை எஞ்ஜினை உதைக்க வேண்டாம்.