அடுத்த திங்கள் காலை 9 மணிக்கு இன்னும் எவ்வளவு நேரம்?

வாராவாரம் திங்கள் காலை 9 மணிக்கு என் கணினியில் பேக்கப் ஓடும். அதற்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று காட்ட, பைத்தான் என்ற நிரல்மொழியில் சின்னதாக ஒரு நிரல் எழுதினேன். முதலில் ஏழு கிழமைக்கும் ஏழு இஃப் (if) நிபந்தனை போட்டு வைத்திருந்தேன். அதெல்லாம் வேண்டாம், ஒரே வரி போதும்:

மீதம் = (இலக்கு - இன்று) % 7

இலக்கு என்பது திங்களின் எண், இன்று என்பது இன்றைய கிழமையின் எண். % என்பது 7-ஆல் வகுத்தால் வரும் மீதி. விடை, இன்னும் எத்தனை நாள் என்பது.

பைத்தான் 3-இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். இலக்குக்கும் இன்றுக்கும் மதிப்பு கொடுத்துவிட்டால் இந்த வரி அப்படியே ஓடும். எனக்கு அதில் தனி மகிழ்ச்சி.

இன்றைய கிழமையை எண்ணாகத் தருவது பைத்தானின் வீக்டே (weekday). அதில் திங்கள் 0, ஞாயிறு 6. ஐசோவீக்டே (isoweekday) என்று இன்னொன்றும் உண்டு, அதில் திங்கள் 1, ஞாயிறு 7. இரண்டையும் கலந்தால் விடை ஒரு நாள் தள்ளிப்போகும்.

இன்று வியாழன் என்று வைத்துக்கொள்வோம். திங்கள் 0, வியாழன் 3. எனவே 0 - 3, அதாவது -3. பைத்தானில் -3 % 7 போட்டால் 4 வரும். ஜாவாவிலோ சி-யிலோ -3 என்றே வரும், அங்கே 7 கூட்டிவிட்டு மறுபடி மீதி எடுக்க வேண்டும்.

அப்புறம் இன்றைய தேதியோடு கால இடைவெளியைக் குறிக்கும் டைம்டெல்டாவால் (timedelta) 4 நாள் கூட்டி, தேதியையும் நேரத்தையும் இணைக்கும் கம்பைன் (combine) வழியாக 9 மணியைச் சேர்த்து, இப்போதைய நேரத்தைக் கழியுங்கள். வியாழன் காலை 10:30-க்கு ஓட்டினால் 3 நாள், 22 மணி, 30 நிமிடம்.

நான் இடறியது திங்கட்கிழமையில்தான். 9:30-க்கு நிரலை ஓட்டினேன், '-1 நாள், 23:30' என்று வந்து நின்றது. மீதம் 0, ஆனால் 9 மணி தாண்டிவிட்டது. அரை மணி பின்தங்கியதைப் பைத்தான் இப்படித்தான், ஒரு நாள் பின்னே போய் 23:30 மணி நேரம் முன்னே வந்ததாக, எழுதும். எனவே இலக்கு நேரம் இப்போதைய நேரத்தைவிடப் பெரிதாக இல்லையென்றால் 7 நாள் கூட்டுங்கள். 'மீதம் 0 என்றால் எப்போதும் 7' என்று எழுதிவிடாதீர்கள். திங்கள் காலை 8 மணிக்கு ஓட்டுபவருக்கு இன்னும் ஒரு மணி நேரம்தானே இருக்கிறது!

விடையை நொடிகளாக வேண்டுமென்றால் டோட்டல்_செகண்ட்ஸ் (total_seconds) கேளுங்கள். வெறும் செகண்ட்ஸ் (seconds) கேட்டால் நாள்களை விட்டுவிடும்: மேலே சொன்ன வியாழன் கணக்கில் 3,40,200-க்குப் பதில் 81,000 வரும்.

கோடையில் கடிகாரத்தை மாற்றும் நாடுகளுக்கு எழுதுகிறீர்களா? பைத்தானின் ஸோன்இன்ஃபோவில் (zoneinfo) நேர மண்டலத்தைக் குறித்து, இரண்டு நேரங்களையும் யூடிசி-க்கு (UTC, உலகப் பொது நேரம்) மாற்றிய பிறகே கழியுங்கள்.